தீயணைப்பு நிலையத்தின் வயது

ஓர் ஊரில் பழமையானது எது என்று கேட்டால் கோயிலைக் காட்டுவோம், குளத்தைக் காட்டுவோம், பாட்டனார் படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டுவோம். இவற்றுக்கெல்லாம் வயது ஏற ஏறப் பெருமையும் ஏறும். ஊருக்குப் பொதுவான கட்டடங்களுள் ஒன்று மட்டும் வயது ஏற ஏறக் கவலைக்கு உரியதாகிறது. அதுவே தீயணைப்பு நிலையம். அதன் வயதைச் சுவரில் பொறித்த ஆண்டைப் பார்த்துக் கணக்கிட முடியாது. அது கட்டப்பட்ட நாளில் சுற்றிலும் எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன, இன்று எத்தனை வாழ்கின்றன. அன்று வண்டி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, இன்று எத்தனை நிமிடம் ஆகிறது என்பவற்றைக் கொண்டே கணக்கிட வேண்டும். சுவர் உறுதியாக நிற்கும்போதே ஒரு நிலையம் கிழடாகிவிடலாம்.

தமிழ்நாட்டைவிட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இது அயலார் விஷயம் அன்று. நகரங்களின் விளிம்பில், மலிவான இடம் கிடைத்த பகுதிகளில் குடியேறியவர்கள் நம் முன்னோர். விளிம்பாக இருந்த அந்த இடங்கள் பின்னர் நகரத்தின் நடுவாயின. வீடும் கடையும் பட்டறையும் முதலில் வந்தன. குடிநீரும் சாக்கடையும் பின்னர் வந்தன. தீயணைக்கும் வண்டி எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்னும் மூன்று இடங்களையும் மனத்தில் கொண்டு, மும்பை மாநகரம் தீயை எதிர்த்து நின்ற வரலாற்றைச் சற்று பார்ப்போம். பம்பாய் என்ற பெயர் 1995ஆம் ஆண்டில் மும்பை என மாறியது. பழைய செய்திகளைச் சொல்லும்போது பழைய பெயரையே வழங்குவோம்.

1803ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 17ஆம் தேதி பம்பாய்க் கோட்டைக்குள் பெரும் தீ மூண்டது. மதில் சூழ்ந்த அந்தக் கோட்டையின் வட பகுதியில் கடைவீதிகளும் வணிகர்களின் வீடுகளும் நெருக்கியடித்து நின்றன. மரத்தூண்களும் மரப்பலகைகளும் கொண்ட வீடுகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தாற்போல் இருந்தமையால், ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவ நேரம் பிடிக்கவில்லை. கடைவீதியின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பின்னர் அதிகாரிகள் கோட்டைக்கு வெளியே இடம் ஒதுக்கி மக்களைக் குடியேறச் செய்தார்கள். நெருக்கமாகக் கட்டிய ஊருக்குத் தீ எவ்வளவு பெரிய பகை என்பதைப் பம்பாய் இவ்வாறு அனுபவத்தால் கற்றது. நகரம் மதிலைத் தாண்டி வடக்கு நோக்கி நகர்வதற்கு அந்தத் தீயும் ஒரு காரணமாயிற்று.

அந்த நாட்களில் தீயணைக்கத் தண்ணீர் கிணறுகளிலிருந்தும் குளங்களிலிருந்தும்தான் வர வேண்டும். கோவாலியா டேங்க், பாபுலா டேங்க் என இன்றும் வழங்கும் இடப்பெயர்கள் அந்தக் குளங்களின் நினைவே. 1860ஆம் ஆண்டில் விஹார் ஏரியிலிருந்து குழாய் வழியே நகருக்குத் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்தால் போதுமா? அதை எடுத்துப் பீய்ச்சும் பொறி வேண்டும். பொறியை இயக்கும் ஆட்கள் வேண்டும். அவர்கள் எந்த நேரமும் காத்திருக்க ஓர் இடம் வேண்டும். இம்மூன்றும் சேர்ந்ததே தீயணைப்பு நிலையம்.

பம்பாயில் இந்த ஏற்பாடு சிறுகச் சிறுகவே உருப்பெற்றது. 1855ஆம் ஆண்டளவில் தீயணைக்கும் பணி போலீசாரின் பல வேலைகளுள் ஒன்றாக இருந்தது. திருடனைப் பிடிக்கும் கையே தீயையும் அணைக்க வேண்டும் என்ற நிலை அது. 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முறையான தீயணைப்புப் படை அமைந்தது. அடுத்த ஆண்டு, 1888இல் இயற்றப்பட்ட பம்பாய் மாநகராட்சிச் சட்டம், தீயிலிருந்து உயிரையும் உடைமையையும் காப்பது மாநகராட்சியின் கடமை என்று வகுத்தது. ‘கடமை’ என்ற அச்சொல்லை நாம் நினைவில் வைக்க வேண்டும். தீயணைப்பு நிலையம் கேட்டு மனுக் கொடுக்கும் குடிமக்கள் தயவை வேண்டி நிற்பவர்கள் அல்லர். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஏற்றுக்கொள்ளப்பட்ட கடமையை நினைவூட்டுபவர்கள்.

இந்தப் படைக்கு லண்டன் மாநகரம் முன்மாதிரியாயிற்று. லண்டனிலும் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய படையே தீயை அணைத்துவந்தது. 1861ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி தேம்ஸ் நதிக்கரையில் டூலி தெருக் கிடங்குகள் பற்றி எரிந்தன. அப்படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் சுவர் இடிந்து விழுந்து உயிர் துறந்தார். வளர்ந்துவிட்ட நகரத்தைக் கம்பெனிகளின் சிறு படை காக்க முடியாது என்று அப்போது அனைவரும் உணர்ந்தனர். 1866ஆம் ஆண்டு தொடக்கம் முதல் லண்டனில் பொதுச் செலவில் படை இயங்கலாயிற்று. அந்த லண்டன் படையில் பயின்ற டபிள்யூ. நிக்கல்ஸ் என்பவர் 1890இல் பம்பாய்ப் படையின் தலைமை ஏற்க வந்தார்.

அக்காலத்துத் தீயணைப்பு நிலையத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு பக்கம் குதிரை லாயம். மற்றொரு பக்கம் வண்டி நிற்கும் கொட்டகை. மேலே ஆட்கள் தங்கும் அறைகள். மணி ஒலித்ததும் குதிரைகளைப் பூட்டி வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். குதிரை எவ்வளவு வலியதாயினும் கனமான பொறியை இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடாது. ஆகவே நிலையம் காக்கக்கூடிய வட்டம் சிறியதாகவே இருந்தது. வண்டிக்கும் குதிரைக்கும் அளவெடுத்தே வாயில்களும் அமைந்தன.

1907ஆம் ஆண்டில் பம்பாய்ப் படைக்கு மோட்டார் பொருத்திய முதல் தீயணைப்பு வண்டி வந்தது. நாளடைவில் குதிரைகள் விடைபெற்றன. உலகின் பல நகரங்களில் நேர்ந்ததுபோல, லாயம் மோட்டார்க் கொட்டகையாக மாறியது. இனி எவ்வளவு தூரமானாலும் விரைந்து போய்விடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கை ஓரளவு உண்மை. ஆனால் நகரமும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெருக்கடியான குடியிருப்புகளே நோய்க்கு இடம் கொடுத்தன என்று கருதி, 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தை அரசு ஏற்படுத்தியது. வயலும் தோப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, சயான், வடாலாப் பகுதிகளில் அகன்ற வீதிகளையும் பூங்காக்களையும் வகுத்து மனைகளைப் பிரித்தது அந்த டிரஸ்ட். மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களும் நேரான தெருக்களும் அந்தத் திட்டத்தின் பயனே. 1920களிலும் 1930களிலும் குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் வந்த தமிழர்கள் அந்தப் புதுக் கட்டடங்களில் குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பள்ளி, பஜனை, காய்கறிக்கடை, உணவு விடுதி என்று ஒரு தமிழ் ஊரே அங்கு உருவாயிற்று.

தாராவியின் கதை வேறு. மாஹிம் கழிமுகத்தின் கரையில் சேறும் சதுப்புமாக இருந்த இடம் அது. 1887ஆம் ஆண்டில் அங்கே முதல் தோல் பதனிடும் பட்டறை ஏற்பட்டதாகச் சொல்வார்கள். பம்பாயில் முறையான தீயணைப்புப் படை அமைந்த அதே ஆண்டு! திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் அந்தத் தொழிலில் ஈடுபட்டார்கள். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் சூளை அமைத்தார்கள். சதுப்பு நிலத்தைத் தங்கள் கையாலேயே மண் கொட்டி மேடாக்கி மக்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். மாட்டுங்காவுக்குத் தெருவை வகுத்தபின் மக்கள் வந்தார்கள். தாராவியில் மக்கள் வந்தபின் தெரு வகுக்க இடம் தேட வேண்டியதாயிற்று. ரயில் பாதையின் இரு புறங்களிலும் வாழும் நம்மவர்களுக்குத் தீ விபத்தில் நேரும் நன்மை தீமைகளில் பாதி, இந்த ஒரு வேற்றுமையிலிருந்து பிறப்பவை.

படையின் தலைமையகம் பைகுல்லாவில் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பைகுல்லாவிலிருந்து மாட்டுங்கா சுமார் 6 கிலோமீட்டர். தாராவி அதற்கும் அப்பால். செம்பூர் 10 கிலோமீட்டருக்கும் அதிகம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 6 கிலோமீட்டரைக் கடக்க 12 நிமிடம் ஆகும். நெரிசலில் வேகம் பாதியாகக் குறைந்தால் 24 நிமிடம் ஆகும். அடைபட்ட அறையில் பற்றிய தீ சில நிமிடங்களிலேயே அறை முழுவதையும் பற்றிக்கொள்ளும். நம் நாட்டில் தீயணைப்புத் துறைக்கு வகுத்துள்ள அளவுகோலின்படி நகரங்களில் 5 முதல் 7 நிமிடத்துக்குள்ளும், கிராமப் புறங்களில் 20 நிமிடத்துக்குள்ளும் வண்டி போய்ச் சேர வேண்டும். தலைமையகம் எவ்வளவு வலிமை வாய்ந்ததாயினும், அருகே ஒரு நிலையம் இல்லாத பேட்டையை அது காக்க இயலாது என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது.

பம்பாய் தீயணைப்புப் படையின் வரலாற்றில் மறக்கவொண்ணாத நாள் 1944 ஏப்ரல் 14. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்னும் சரக்குக் கப்பல் இரு நாட்களுக்கு முன்பு கராச்சி வழியாக வந்து விக்டோரியா துறையில் நின்றது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. அதே கப்பலில் ஆயிரக்கணக்கான பருத்திப் பொதிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் மரமும் ஏற்றப்பட்டிருந்தன. தங்கக் கட்டிகளும் இருந்தன. பிற்பகல் 2 மணியளவில் கப்பலின் அடித்தளத்தில் புகை கிளம்பியது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து தண்ணீரைக் கொட்டினார்கள். பருத்தியின் உள்ளே கனன்ற தீ அடங்கவில்லை. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. 4 மணி 34 நிமிடத்துக்கு இரண்டாம் முறை வெடித்தது. நெடுந்தொலைவில் சிம்லாவில் இருந்த நில அதிர்வுக் கருவியும் அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்தது.

எரியும் பருத்தியும் இரும்புத் துண்டுகளும் நகரின்மேல் மழைபோல் பொழிந்தன. துறைமுகத்தை ஒட்டிய குடிசைகளும் கிடங்குகளும் எரிந்தன. மாண்டவர் தொகையைப் பலர் பலவாறு கணித்துள்ளனர். குறைந்த கணிப்பே 800 உயிர்களைக் காட்டுகிறது. வீடிழந்தவர் சுமார் 80,000 பேர். அன்று கடமையில் உயிர் நீத்த தீயணைப்பு வீரர்கள் 66 பேர். அந்த 66 பேரின் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாளை நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாகவும், அதனைத் தொடர்ந்து வரும் நாட்களைத் தீயணைப்பு வாரமாகவும் கொண்டாடுகிறோம். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தீயணைக்கும் முறைகளைக் காட்டும் அந்த வாரம் பம்பாய்த் துறைமுகத்தில் பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தப் பெருந்துயரம் கற்பித்த பாடம் வீரத்தைப் பற்றியது மட்டும் அன்று. வீரர்களின் துணிவில் குறை ஏதும் இல்லை. எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, எதனருகே எது வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்து அதற்கேற்ற ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாத நகரம், தன் வீரர்களைக் கண் கட்டிப் போருக்கு அனுப்புகிறது. நிலையம் என்பது தன் வட்டத்தில் உள்ள ஆபத்துகளுக்கு ஏற்ப அமைய வேண்டும். ஆபத்து மாறினால் நிலையமும் மாற வேண்டும்.

ஆபத்து எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்குச் செம்பூர் ஒரு சான்று. சுதந்திரத்துக்குப் பின் 1950இல் பம்பாய் மாநகர எல்லை தீவைக் கடந்து விரிந்தது. 1957இல் மீண்டும் விரிந்து வடக்கே தஹிசர், முலுண்டு வரை சென்றது. பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகளுக்குச் செம்பூரில் முகாம்கள் அமைந்தன. மாட்டுங்காவில் இடம் போதாமல் தமிழ்க் குடும்பங்களும் அங்கே சென்றன. அதே ஆண்டுகளில், 1950களின் நடுவே, அருகிலுள்ள டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. உரத் தொழிற்சாலை பின்னர் வந்தது. ஆலைகள் தமக்கெனத் தீயணைப்புப் படைகளை வைத்துக்கொண்டு, ஆபத்து வேளையில் ஒன்றுக்கொன்று உதவும் ஏற்பாட்டையும் செய்துகொண்டன. ஆயினும் வீடுகள் ஆலை மதிலை நோக்கி நெருங்கிக்கொண்டே சென்றன. 2018 ஆகஸ்டு 8ஆம் தேதி சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் வெடிப்பு நேர்ந்து பலர் காயமுற்றபோது, சுற்றுப்புறக் குடியிருப்புகளும் அதிர்ச்சியை உணர்ந்தன.

பெரிய ஆலை மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடலாகாது. 2024 அக்டோபர் 6ஆம் தேதி அதிகாலையில் செம்பூரில் சித்தார்த் காலனியில் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த சிறு கட்டடம் ஒன்று பற்றி எரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 7 பேர் உயிரிழந்தனர். கடைக்கு மேல் வீடு என்பது தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் பலரும் வாழும் முறை. கீழே தீ, மேலே ஏறிய புகை, இறங்க ஒரே படிக்கட்டு என்ற நிலையில் காலம் நிமிடக் கணக்கில்கூட இல்லை.

ஜனத்தொகை வளர்ந்த விதத்தையும் பார்ப்போம். 1901இல் பம்பாயில் சுமார் 7 லட்சத்து 76 ஆயிரம் மக்கள் இருந்தனர். 1951இல் விரிவடைந்த பம்பாயில் சுமார் 30 லட்சம். 1961இல் 41 லட்சத்துக்கு மேல். 2011இல் 1 கோடியே 24 லட்சம். புதிய நிலையங்களும் இடையிடையே தோன்றாமல் இல்லை. இன்று தாதர், வடாலா, ராவ்லி கேம்ப், தாராவி, செம்பூர், தேவனார் ஆகிய இடங்களிலெல்லாம் தீயணைப்பு நிலையங்கள் உள்ளன. நிலையம் இருக்கிறதா என்ற கேள்வி தீர்ந்தது. இருக்கும் நிலையம் இன்றைய தேவைக்கு ஈடுகொடுக்கிறதா என்ற கேள்வி நிற்கிறது. இதற்கு விடை காண மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது நேரம்; இரண்டாவது வண்டி; மூன்றாவது ஆட்கள்.

முதலில் நேரம். தாராவியில் 90 அடிச் சாலை என்றும் 60 அடிச் சாலை என்றும் இரண்டு வீதிகள் உண்டு. அகலத்தையே பெயராகக் கொண்ட வீதிகள் அவை. கடைகளும் நிறுத்தி வைத்த வண்டிகளும் தள்ளுவண்டிகளும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் அகலத்தை நாமே அறிவோம். தீயணைப்பு வண்டிக்குக் குறைந்தது 8 அடி அகலம் வேண்டும். வீதியிலிருந்து பிரியும் சந்துகளிலோ இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அங்கெல்லாம் வண்டி வாயிலிலேயே நின்றுவிடும். குழாயைத் தோளில் சுமந்து வீரர்கள் ஓட வேண்டும். பாலங்களும் இந்தக் கணக்கில் சேரும். தாராவிப் பக்கத்தையும் சயானையும் இணைத்த, 1912இல் கட்டிய ரயில்வே மேம்பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஒரு பாலம் மூடினால் நிலையத்தின் வட்டமே மாறிவிடுகிறது. வரைபடத்தில் 1 கிலோமீட்டர் என்று இருப்பது தெருவில் 3 கிலோமீட்டர் ஆகிறது.

அடுத்து வண்டி. இன்று வழக்கிலுள்ள தண்ணீர் வண்டி ஒன்று சுமார் 4,500 லிட்டர் கொள்ளும். அதன் பம்பு முழு வேகத்தில் இயங்கினால் நிமிடத்துக்குச் சுமார் 1,800 லிட்டர் வெளியேறும். அப்படியானால் கொண்டுவந்த தண்ணீர் இரண்டரை நிமிடத்தில் தீரும்! அதற்குள் வேறு தண்ணீர் கிடைக்க வேண்டும். நிலையத்தின் அடியில் பெரிய தொட்டியும், பேட்டைக்குள் ஆங்காங்கே தண்ணீர் எடுக்கும் குழாய்முனைகளும் இருந்தால்தான் வண்டியால் பயன் உண்டு. தண்ணீர் நிரம்பிய வண்டியின் பாரத்தைத் தாங்கும் தளமும் வேண்டும். உயரமான கட்டடங்களுக்கு நெடிய ஏணி வண்டி வேண்டும்; அது நுழைய உயர்ந்த வாயிலும், திரும்பி நிற்க முற்றமும் வேண்டும். மூன்று மாடிக் கட்டடங்களின் மாட்டுங்காவில் இன்று முப்பது நாற்பது மாடிகள் எழுகின்றன. மூன்று மாடிக் காலத்தில் அளவெடுத்த கொட்டகை, அந்த ஏணியை உள்ளே வாங்காது.

மூன்றாவது ஆட்கள். தீயணைப்பு வீரர் நிலையத்திலேயே தங்க வேண்டியவர். அவருடைய குடும்பமும் பெரும்பாலும் நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில் வாழ்கிறது. கூரை ஒழுகும் அறையில் இரவெல்லாம் விழித்திருந்தவர், மணி ஒலித்ததும் அரை நிமிடத்தில் வண்டியில் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஊரைக் காக்கும் கட்டடமே இடியும் நிலையில் இருந்தால், விபத்து நேரும் நாளில் முதலில் மீட்க வேண்டியவர்கள் மீட்பவர்களாகவே இருப்பார்கள். 2015 மே 9ஆம் தேதி கால்பாதேவியில் பழைய கட்டடம் ஒன்று எரிந்து சரிந்த விபத்தில், தலைமைத் தீயணைப்பு அதிகாரி சுனில் நேஸ்ரிகர் உட்பட நான்கு உயர் அதிகாரிகளை மும்பை இழந்தது. குறுகிய தெருவும் பழைய கட்டடமும் எத்தகைய விலை கேட்கும் என்பதை நகரம் மீண்டும் ஒரு முறை அறிந்தது.

இந்த மூன்று சோதனைகளுள் ஒன்றில் மட்டும் குறை இருந்தால் பழுது பார்த்துச் சமாளிக்கலாம். கூரையை மாற்றலாம், வாயிலை உயர்த்தலாம். மூன்றிலும் தவறினால் பழுது பார்ப்பது வீண் செலவு. புது நிலையமே வழி. அப்போது எதிர்ப்புகள் எழும். அவற்றுள் நியாயமானவையும் உண்டு. மும்பையில் மனை விலை மிகப் பெரிது. அந்த இடத்தில் ஆஸ்பத்திரியோ பள்ளியோ கட்டக் கூடாதா என்று கேட்பார்கள். மணியோசை தூக்கத்தைக் கெடுக்கும் என்பார்கள். பல நாட்கள் சும்மா நிற்கும் வண்டிக்கு இவ்வளவு செலவா என்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை எளிது. ஊர்க்காவலன் விழித்திருந்தால் திருட்டு நடவாது. திருட்டு நடவாததால் காவலன் வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. மற்றக் கேள்விகளுக்கு விடை திட்டமிடுவதில் இருக்கிறது. நிலையத்தின் மேல் மாடிகளில் வீரர்களின் குடியிருப்பையும், கீழே பயிற்சி முற்றத்தையும், ஒரு பக்கத்தில் முதலுதவி நிலையத்தையும் அமைத்து ஒரே மனையைப் பல வகையில் பயன்படுத்தலாம்.

புது நிலையம் கட்டும்போது மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. பழையதை இடிக்குமுன் வண்டிகளுக்கு அதே வட்டத்தில் தற்காலிகக் கொட்டகை அமைக்க வேண்டும். கட்டட வேலை இரண்டு ஆண்டு நடக்கலாம். தீ இரண்டு நாள்கூடக் காத்திராது. இடிந்த பின் இடம் தேடுவது, வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவதை ஒக்கும்.

இடத்தை முன்கூட்டியே ஒதுக்கும் வழியும் நம் சட்டத்தில் உள்ளது. பம்பாயின் முதல் வளர்ச்சித் திட்டம் 1964இல் வெளியாகி 1967இல் ஒப்புதல் பெற்றது. அடுத்தது 1991இல் வந்தது. 2034ஆம் ஆண்டு வரைக்குமான திட்டம் 2018இல் ஒப்புதல் பெற்றது. பள்ளி, சந்தை, பூங்கா ஆகியவற்றுக்கு மனை ஒதுக்குவதுபோலத் தீயணைப்பு நிலையத்துக்கும் இத்தகைய திட்டங்களில் மனை ஒதுக்குகிறார்கள். தாராவியை முழுவதும் புதுப்பித்துக் கட்டும் திட்டம் இன்று பேசப்படுகிறது. தாழ்ந்த கூரைகள் இருந்த இடத்தில் உயர்ந்த மாடிகள் எழுந்தால் சந்துகளின் ஆபத்து குறையலாம். உயரத்தின் ஆபத்து புதிதாக வரும். எத்தனை சதுர அடி வீடு கிடைக்கும் என்று கேட்பது நம் உரிமை. மாடிக்குத் தீயணைப்பு ஏணி எங்கிருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று கேட்பதும் அதே அளவு உரிமை.

இனி நம்முடைய பங்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 94 பிஞ்சு உயிர்களைத் தீ பறித்தது. சமையற்கூடத்தில் தொடங்கிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. பிள்ளைகள் வெளியேறப் போதிய வழி இல்லை. எவ்வளவு நல்ல நிலையமும் அடைபட்ட வாயிலை வெளியிலிருந்து திறந்துவிட முடியாது. வாயிலைத் திறந்து வைப்பது வீட்டில் உள்ளவர் கையில் இருக்கிறது. படிக்கட்டில் மூட்டை அடுக்காமல் இருப்பதும், ஒரே மின்கம்பியில் பல கருவிகளை மாட்டாமல் இருப்பதும், சமையல் வாயு உருளைகளை வீட்டுக்குள் சேர்த்து வைக்காமல் இருப்பதும், சந்தின் முனையில் வண்டியை நிறுத்தாமல் இருப்பதும் பணச் செலவில்லாத தீயணைப்புப் பணிகள்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. தீ விபத்தில் முதல் நிமிடம் தொலைபேசியில் கழிகிறது. தீயணைப்புக்குரிய எண் 101. மறுமுனையில் பேசுபவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊரிலிருந்து அண்மையில் வந்த மூதாட்டியும், பகலில் தனியே இருக்கும் சிறுவனும் சொல்லக்கூடிய சில சொற்களை ஒவ்வொரு வீட்டிலும் கற்பித்து வைப்பது நலம். மராத்தியில் ‘ஆக் லாக்லீ ஆஹே’, இந்தியில் ‘ஆக் லகீ ஹை’ என்றால் தீப்பற்றியது என்று பொருள். அதன்பின் பேட்டையின் பெயர், சாலையின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயர் ஆகிய மூன்றும் போதும். இவற்றை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கலாம். தெரு முனையில் ஒருவர் நின்று வண்டிக்கு வழி காட்டினால் மேலும் ஒரு நிமிடம் மிச்சமாகும்.

நம் சங்கங்களும் சபாக்களும் விழா எடுப்பதில் பேர் பெற்றவை. ஆண்டில் ஒரு நாள், ஏப்ரல் 14இல், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது அவற்றால் முடியாத காரியம் அன்று. அதிகாரிகளின் அனுமதி பெற்று, நிலையத்தின் வட்டம் எவ்வளவு, வண்டிகள் எத்தனை, சென்ற ஆண்டு நம் பேட்டைக்கு வந்துசேர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கேட்டறிந்து எழுதி வைக்கலாம். ஐந்து ஆண்டுக்கு அந்தக் கணக்கு நம்மிடம் இருந்தால், நிலையம் மூப்படைகிறதா இல்லையா என்பதை எவரும் சொல்லாமலே அறிவோம். தாராவி ஜி வடக்கு வார்டிலும், மாட்டுங்கா எஃப் வடக்கு வார்டிலும், செம்பூர் எம் மேற்கு வார்டிலும் உள்ளன. அந்தந்த வார்டு அலுவலகத்துக்கு இந்தக் கணக்கையும் இணைத்து மனு எழுதினால், வெறும் குறை கூறும் கடிதத்தைவிட அதற்கு எடை கூடும்.

தில்லியிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ வாழும் நேயர்களுக்கும் இது பொருந்தும். நகரம் எதுவாயினும் கேள்வி ஒன்றே: நம் தெருவுக்குத் தீயணைப்பு வண்டி எங்கிருந்து, எந்த வழியாக, எத்தனை நிமிடத்தில் வரும்? இன்று மாலை வீட்டில் உள்ளவர்களிடம் இதைக் கேட்டுப் பார்ப்போம். விடை தெரியாவிட்டால், அதைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.